காலிதீன் பாஸின் வெள்ளைப் பூச்சு

எல்லாவற்றையும் அறிந்தவனாகிய அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன். அவன் ஏற்கனவே அறிந்த ஒன்றைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப் போகிறேன்.

மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் கிழக்கலை மீனவர் நலன்புரிச் சங்கத் தலைவர் ஷிப்லி ஹாஜியார் அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் நிருவாக சபை உறுப்பினர்களே, எனக்கு முன் துஆ ஓதிய மௌலவி அவர்களே, கரைவலைக்காரர்களே, வள்ளக்காரர்களே, மருதமுனையிலிருந்து வந்திருக்கும் நெசவாளர்களே, ஆலையடிவேம்பிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர் தருமலிங்கம் அவர்களே, திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

நான் பாயிஸ். இருபத்தாறு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். இந்தச் சங்கத்தின் செயலாளராக ஒன்பது வருடம் இருந்தவன். நிகழ்ச்சி நிரலில் எனக்கு ஏழு நிமிடம் போட்டிருக்கிறார்கள். என்னைப் பேச விட வேண்டாம் என்று சொன்னவர்களும் இதே மேடையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் ஸலாம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் மர்ஹூம் எம்.ஐ. காலிதீன் அவர்களைப் பற்றி இதுவரை நால்வர் பேசினார்கள். நல்ல மனிதர் என்றார்கள். பொறுமைசாலி என்றார்கள். ஐவேளைத் தொழுகையாளி என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் என்ன தொழில் செய்தார் என்று ஒருவராவது சொன்னாரா? பின்னால் தொங்கும் இந்தப் பதாகையில் "சமூக சேவகர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சமூக சேவகர் அல்ல. அவர் பெயின்ற் பாஸ். இரும்புக்குப் பெயின்ற் அடிக்கும் கைவேலைக்காரர், நாம் பாஸ் என்று கூப்பிடுவது. அந்தச் சொல்லை எழுத உங்களுக்கு ஏன் கை கூசியது? அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை இந்த ஊர் ஏழு வருடமாக ஒட்டி வைத்திருக்கிறது என்பதாலா?

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் வேலையைச் சொல்கிறேன்.

கடற்கரை ஊரில் இரும்பு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யன்னல் கம்பியைக் கையால் உடைக்கலாம். கேற்றைத் திறந்தால் பிணைச்சல் கையோடு வரும். இந்த உப்புக் காற்றோடு முப்பத்தைந்து வருடம் சண்டை பிடித்தவர் காலிதீன் பாஸ். மருதமுனையில் தறியின் இரும்புத் தண்டில் துருவேறிக் கறள் பிடித்து, நெய்த சாரனில் எல்லாம் மண்ணிறப் புள்ளி விழுந்தபோது, தறி தறியாகக் கழற்றிச் சுரண்டிப் பூசிக் கொடுத்தவர் யார்? சம்மாந்துறையில் அரிசி ஆலையின் தகர வாய்க்குள் இறங்கி, உமித் தூசுக்குள் இருமிக்கொண்டு வேலை செய்தவர் யார்? சுனாமிக்குப் பிறகு, கடல் குடித்துவிட்டுத் துப்பிய இரும்பையெல்லாம் நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி மறுபடி ஆளாக்கியவர் யார்?

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பூசுவதற்கு முன் இரும்பை நாக்கால் தொட்டுப் பார்ப்பார். உப்புக் கரித்தால் மறுபடி கழுவச் சொல்வார். கரிப்பு போகும்வரை பிரஷைத் தொடமாட்டார். நோன்பு காலத்தில் என்ன செய்வார்? இதோ இருக்கிறாரே தருமலிங்கம் ஐயா, இவரை ஆலையடிவேம்பிலிருந்து சைக்கிளில் வரவழைப்பார். ஒருமுறை நான் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு நோன்பு. நீங்க நக்கிப் பாருங்க ஐயா."

"உங்கட நோன்புக்கு நான் இரும்பு நக்கணுமா? இதென்ன ஞாயம் காலிதீன்?"

"பெருநாளைக்குப் புரியாணி அனுப்புறன். இப்ப உப்பு இரிக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

"இரிக்கி. புரியாணிக்கு மட்டும் உப்புக் கொறச்சுப் போடச் சொல்லுங்க."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். அந்த நாக்குத்தான் அவரைக் கொன்றது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் இரும்புக்கு முதல் பூச்சாக என்ன பூசினார்கள்? சிவப்பு ஈயம். ரெட் லெட் என்று பாஸ்மார் சொல்வது. நல்ல காவல்தான், ஆனால் அது நஞ்சு. பழைய இரும்பில் அதைச் சுரண்டும்போது தூளாகப் பறக்கும். அந்தத் தூள் படிந்த இரும்பைத்தான் இவர் வருடக்கணக்காக நாக்கால் தொட்டார். கை நடுங்கத் தொடங்கியது. வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி வந்தது. கடைசியில் சிறுநீரகம் போனது. கல்முனை ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் என்ன தொழில்?" என்பதுதான்.

அவருக்கு அந்த நஞ்சைப் பற்றி ஐம்பதை நெருங்கும் வயதில்தான் தெரியவந்தது. தெரிந்த நாளிலிருந்து அவர் சிவப்பு ஈயத்தைத் தொடவில்லை. ஒருநாள் பாடசாலை விட்ட நேரம், ஒரு தகரப் பேணியைத் தூக்கிக்கொண்டு என் ஆய்வுகூட வாசலுக்கு வந்தார். உடுப்பெல்லாம் பெயின்ற். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார்.

"சேர், கொழும்பால ஒரு புதுச் சாமான் வந்திரிக்கி. இந்தப் பேணியில என்ன எழுதி இரிக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். நாக பொஸ்பேற்று. துத்தநாகம் என்கிற நாகமும் பொஸ்பரசும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு வெள்ளைத் தூள். கரும்பலகையில் சூத்திரம் எழுதிக் காட்டினேன். சூத்திரத்தை அவர் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"இது ஆளக் கொல்லுமா?"

"பழைய சிவப்பு மாதிரிக் கொல்லாது."

"இரும்பக் காப்பாத்துமா?"

"காப்பாற்றும். ஈரம் பட்டால் கொஞ்சமாகக் கரைந்து, இரும்பின் மேல் மெல்லிய தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கறள் அந்தத் தோலைத் தாண்டி வருவது கஷ்டம். ஆனால் பாஸ், இது அடிப்பூச்சு மட்டும்தான். இதற்கு மேல் இரண்டு கை நல்ல பெயின்ற் பூச வேண்டும்."

"பூசாட்டி?"

"இது கடற்பஞ்சு மாதிரி. மேலே மூடாவிட்டால் உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில வருடம்தான் தாங்கும்."

அவர் பேணியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "கொல்லாத சாமானெண்டா அது போதும் சேர். மத்த ரெண்டு கையும் நான் பாத்துக்குவன்."

சகோதரர்களே, இந்த வார்த்தைகளை மனத்தில் வையுங்கள். மேலே இரண்டு கை பூச வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நமது கரையில் வெளிச்சக் கோபுரம் எழுந்தது. நாற்பத்திரண்டு அடி. நான்கு இரும்புக் கால். உச்சியில் சூரியத் தகடும் விளக்கும். கடலில் நிற்பவனுக்கு ஊர் எங்கே என்று காட்டுவதற்கு. பூச்சு வேலை காலிதீன் பாஸுக்குக் கொடுக்கப்பட்டது. ஒன்பது நாள் சாரம் கட்டி ஏறிச் சுரண்டினார், கழுவினார், நக்கிப் பார்த்தார். பிறகு நாக பொஸ்பேற்று முதலாம் பூச்சைப் பூசினார். அது காய்ந்தபோது கோபுரம் முழுவதும் வெள்ளை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். தலைவர் அவர்களே, நீங்கள் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள்.

"மாஷா அல்லாஹ்! பால்போல இரிக்கி. காலிதீன், போதும், இறங்குங்க. சாரத்தைக் கழட்டுங்க. பந்தல்காரன் வாறான்."

அவர் மேலேயிருந்தே சொன்னார்: "ஹாஜியார், இது உள்பெனியன். இன்னும் சேட்டுப் போடல்ல."

"வெள்ளைப் பெனியன்தானே! தூரத்தில நிண்டு பாக்கிறவனுக்குச் சேட்டா பெனியனா எண்டு ஆருக்குத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். காலிதீன் பாஸ் சிரிக்கவில்லை. சாரத்திலிருந்து இறங்கி, நேரே என்னிடம் வந்தார். "சேர், நீங்க சொல்லுங்க. நீங்க படிச்ச ஆள், நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றார். நான் வாய் திறந்தேன். "விஞ்ஞானரீதியாக இன்னும் இரண்டு பூச்சு..." என்று தொடங்கினேன். தலைவர் என் தோளில் கை போட்டு, "சேர், வகுப்பு முடிஞ்சிட்டு, மணி அடிச்சாச்சு" என்றார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். பழைய சிவப்பு ஈயமாக இருந்திருந்தால் அன்று யாராவது நிறுத்தச் சொல்லியிருப்பார்களா? செங்கல் நிறத்தில் நிற்கும் கோபுரத்தைத் திறந்து வைக்க யார் வருவார்? வேலை முடியவில்லை என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும். இது வெள்ளை. நமக்கு வெள்ளை என்றால் முடிந்தது, சுத்தம், தூய்மை. வெள்ளை என்று கண்டதும் நாம் வேறு ஒன்றும் கேட்பதில்லை. நஞ்சில்லாத ஒன்றைத் தேடி எடுத்த மனிதனுக்கு, அதன் நிறமே பகையாகிவிட்டது!

விழாவுக்குப் பிறகு பூசலாம் என்றார்கள். விழா முடிந்தது. மாரிக்குப் பிறகு என்றார்கள். மாரியும் முடிந்தது. ஐந்து வருடம், கூட்டம் நடக்கும் ஒவ்வொரு மாதமும், அந்த மனிதர் மண்டப வாசலில் வந்து நின்றார். "ரெண்டு கை மட்டும்தான் கேக்கிறன்" என்று நின்றார். "இந்தா, பெனியன் வந்திட்டு" என்று அவருக்குப் பெயர் வைத்தீர்கள். மூன்றாம் வருடம் கால்களில் மண்ணிறக் கோடு இறங்கியது. அப்போது என்ன செய்தீர்கள்? வேறொருவரைக் கூட்டி வந்து, கறளுக்கு மேலேயே சாதாரண வெள்ளைப் பெயின்ற் ஒரு கை இழுத்து விட்டீர்கள். காலிதீன் பாஸை முதலில் கேட்டீர்கள், அவர் மறுத்தார். "கறளுக்கு மேல பூசுறது புண்ணுக்கு மேல பவுடர் போடுற வேல. அது என்ட கையால நடக்காது" என்றார். அதைத் திமிர் என்று கூட்டக் குறிப்பில் எழுதினீர்கள். எழுதிய கை, செயலாளரின் கை. என் கை.

இரண்டாயிரத்துப் பதினேழு நவம்பர். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். காற்று ஏறிவிட்டது. பதினொரு வள்ளம் வெளியே. சூரியத் தகட்டைக் காற்று திருப்பிவிட்டது, விளக்கு எரியவில்லை. விளக்குப் பொறுப்பாளர் இன்ஸாப், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், ஏணியில் ஏறினார். கொங்கிரீட்டோடு சேரும் இடத்தில் கடற்பக்கத்துக் கால் கடதாசிபோல இருந்திருக்கிறது. வெளியே வெள்ளை, உள்ளே ஒன்றுமில்லை. கோபுரம் மண்டியிடுவதுபோல ஒரு பக்கம் மடங்கி விழுந்தது. வள்ளங்கள் பதினொன்றும் கரை சேர்ந்தன. இன்ஸாபை ஜனாஸாவாகத்தான் வீட்டுக்குக் கொண்டு போனோம்.

அரசாங்கத் திணைக்களம் அறிக்கை கேட்டது. சங்கம் கூடியது. யாரோ ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். அன்று எழுதப்பட்ட வாக்கியத்தை நான் பாராமலே சொல்வேன்: "பூச்சுக்காரர் பயன்படுத்திய வெள்ளை அடிப்பூச்சின் தரக்குறைவே இரும்பு அரிக்கப்பட்டமைக்குக் காரணமாகும்." நல்ல தமிழ். பிழை இல்லாத தமிழ். அதை எழுதியவன் நான்! இரசாயனவியல் ஆசிரியரின் கையெழுத்து இருந்தால்தான் அந்த வாக்கியத்துக்குப் பெறுமதி என்று தலைவர் சொன்னார். எனக்கு அப்போது பாடசாலை அதிபர் பதவிக்கு ஒரு சிபாரிசு தேவைப்பட்டது. தலைவர் தருவதாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். சிபாரிசு வேறொருவருக்குப் போனது. நான் இந்தச் சங்கத்தை விட்டு வெளியேறியது கொள்கைக்காக என்று பலர் நினைக்கிறீர்கள். கொள்கை அல்ல. ஏமாந்த கோபம். அந்தக் கோபம் இன்றும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் வந்த பிறகும் ஏழு வருடம் நான் வாய் திறக்கவில்லையே, அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

அந்த ஒரு வாக்கியம் ஊருக்குள் நடந்தது; பெயின்ற் பாஸ் என்பதற்குப் பக்கத்தில் கொலைகாரன் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அரிசி ஆலை அவரை வர வேண்டாம் என்றது. தறிக்காரர்கள் பிறகு பார்ப்போம் என்றார்கள். பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருந்ததை நானே பார்த்தேன். திரைக்கு அப்பால் இருக்கும் கமீலா, இன்ஸாபின் மனைவி, ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதை நீங்கள் பலர் அறிவீர்கள். "என்ட மனிசனக் கொன்ன கையாலதானே சோறு தின்னுற!" என்று கத்தியதை அறிவீர்கள். பாஸின் மனைவி சல்மா உம்மா பதில் சொல்ல எழுந்தபோது, அவர் தடுத்தார். "விடுங்க. அவ கேக்கட்டும். கேக்க வேற வாசல் இல்ல அவக்கு" என்றார்.

பிறகு என்னிடம் வந்தார். சண்டை பிடிக்க அல்ல. "சேர், நான் சொன்னாத் தப்புறதுக்குச் சொல்றான் எண்டுவா. எழுதின ஆள் சொன்னாத்தான் நம்புவா. நீங்க ஒருக்காப் போய்ச் சொல்லுங்க" என்றார். போகிறேன் என்றேன். போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கேட்டார். வருடத்துக்கு ஒருமுறை போகிறேன் என்றேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முகம் ஊதி, கை போர்வையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"சேர், அந்த வசனத்த எடுப்பீங்களா?"

"எடுப்பன் பாஸ்."

"நான் இரிக்கக்குள்ளயா?"

பதினோராம் நாள் அவர் போய்விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கமீலா, தங்கச்சி! இன்று இந்தச் சபையின் முன் சொல்கிறேன். உங்கள் கணவரைக் காலிதீன் பாஸின் கை கொல்லவில்லை. அவர் பூசிய வெள்ளையும் கொல்லவில்லை. அதற்கு மேல் வர வேண்டிய இரண்டு பூச்சு வரவில்லை; வர விடாதவர்கள் நாங்கள். அதை அறிந்தும் பொய் எழுதியவன் நான். ஐந்து வருடம் வாசலில் நின்று அந்தக் கோபுரத்துக்காகக் கெஞ்சியவர் அவர் ஒருவர்தான். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நீங்கள் தவறான வாசலில் நின்று கத்தினீர்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சரியான வாசல் என்னுடையது. எப்போதும் வரலாம்.

தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஏழு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று காலை கல்முனைத் தபாலகத்தில், பதிவுத் தபாலில், திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். அந்த வாக்கியம் பொய், எழுதியவன் நான், கையெழுத்தை மீளப் பெறுகிறேன், விசாரணைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். யார் யார் இருந்து எழுதுவித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி, கணவரை இழந்து வீட்டோடு இத்தாவில் இருக்கும் சல்மா உம்மாவுக்கு. மேடை ஏறுமுன்தான் அவருடைய மகள் ஸப்னாவின் கையில் கொடுத்தேன். இன்னொரு பிரதி கமீலாவுக்கு. உங்கள் அனுமதி கேட்டு நான் இங்கே நிற்கவில்லை. அது போய்விட்டது.

இரங்கல் கூட்டம் என்றால் முடிவில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய நால்வரும் சொன்னார்கள். என்ன பணி? எப்படித் தொடர்வீர்கள்?

நான் சொல்கிறேன். கடைசி வருடங்களில் அவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த வேலைகளில் அவர் ஒரு காரியம் செய்தார். வெள்ளைப் பேணியைத் திறந்ததும், ஒரு பிடி காவித் தூளை அதற்குள் கொட்டிக் கலக்கினார். பார்க்கச் சகிக்காத அழுக்கு நிறம் வந்தது. ஏன் என்று தருமலிங்கம் ஐயா கேட்டதற்கு, "ஊத்தையாத் தெரிஞ்சாத்தான் மிச்சத்தையும் பூச விடுவாங்க ஐயா" என்றாராம். ஒரு மனிதர் இந்த ஊரைப் பற்றி இதைவிட என்ன படிக்க முடியும்?

இன்று நமது கரையில் புதிய கோபுரம் நிற்கிறது. வெளியூர் ஒப்பந்தக்காரரின் வேலை. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். முதலாம் பூச்சு முடிந்திருக்கிறது. பால்போல வெள்ளை. சாரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். திறப்பு விழா வரும் வியாழக்கிழமை. பந்தல்காரருக்கும் சொல்லியாயிற்று.

ஆகவே இதுதான் என் உறுதிமொழி. நாளை விடிய, சுபஹுத் தொழுகை முடிந்ததும் நான் அங்கே இருப்பேன். அதே வெள்ளைப் பூச்சு நான்கு பேணி வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் காவியைக் கலந்து, எட்டும் உயரம்வரை நான்கு கால்களுக்கும் ஒரு கை பூசுவேன். தருமலிங்கம் ஐயா வருகிறார், இன்றிரவு என் வீட்டில்தான் தங்குகிறார். உப்பு இருந்தால் அவர் சொல்வார். வியாழக்கிழமை அந்தக் கோபுரம் ஊத்தையாக நிற்கும், இன்ஷா அல்லாஹ். மேலே இரண்டு கை ஏறும்வரை ஊத்தையாகவே நிற்கும். பொலிஸுக்கு அறிவிப்பவர்கள் அறிவிக்கலாம். என் பெயரும் முகவரியும் சங்கத்திடம் இருக்கின்றன. ரிப்பன் வெட்ட வருகிறவர் அந்த ஊத்தைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும்.

நாளை வர விரும்புகிறவர்கள் பழைய சாரன் உடுத்து வாருங்கள், அந்தக் கறை போகாது. அல்லாஹ் மர்ஹூம் காலிதீன் பாஸின் கப்றை விசாலமாக்கட்டும். எங்களை அவன் சும்மா விட்டுவிட வேண்டாம், கணக்குக் கேட்கட்டும்.

தலைவர் அவர்களே, உங்களுக்கும் ஒரு பிரஷ் எடுத்து வருகிறேன்.